துறந்த தாயும் எழுதும் மகனும்: கொல்லிமலை ஈவ்லின் பிராண்ட் குறித்த நினைவெழுத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முன்னாள் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும் கொல்லிமலையிலும் அதன் அடிவாரச் சமவெளியிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் ஈவ்லின் பிராண்ட் (1879–1974). அவரைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறும், மகன் மருத்துவர் பால் பிராண்ட் தம் நூல்களில் எழுதிய நினைவுகளும் ஆங்கிலக் கிறித்தவ வாசகரிடையே நன்கு அறியப்பட்டவை. பக்திமிக்க தாயை நினைவுகூரும் எழுத்துகளில் தாய் இல்லத்தில் இருப்பவளாகவும் மகன் வெளியேறுபவனாகவும் அமைவது தமிழ் மரபிலும் கிறித்தவ மரபிலும் பெருவழக்கு. ஈவ்லின் வாழ்வில் இந்நிலை தலைகீழாகின்றது, வெளியேறியவர் தாய். இத்தலைகீழ் நிலையை நினைவெழுத்து எவ்வாறு எதிர்கொள்கின்றது, அதில் எவர் குரல் ஒலிக்கின்றது, எவர் குரல் ஒலிக்கவில்லை என்பவற்றைத் தமிழ் இலக்கிய மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: நினைவெழுத்து, தாய்மை, துறவு, கொல்லிமலை, சேந்தமங்கலம், ஈவ்லின் பிராண்ட், பால் பிராண்ட், காரைக்காலம்மையார், பட்டினத்தார்.

1. முன்னுரை

மறைந்த தாயை நினைந்து எழுதுதல் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் எழுத்துச் செயலாகும். அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பு, ஆண்டு நினைவில் வெளியிடப்படும் சிறு மலர், நாளிதழின் நினைவஞ்சலி ஆகியன இதன் வடிவங்கள். இவற்றுக்கு ஏறத்தாழ நிலைபெற்ற ஓர் அமைப்பு உண்டு. பிறந்த ஊர், பெற்றோர், திருமணம், மக்கட்பேறு, விடியற்காலைச் செபம், வந்தவர்க்கு விருந்து, பெண்கள் ஐக்கிய சங்கப் பணி, நோயிற் பொறுமை, அமைதியான முடிவு என அது நகரும். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் காட்டும் இல்லத்தலைவியே இவ்வமைப்பின் இலட்சிய உருவம். அவள் இல்லம் விழித்திருக்க உழைப்பவள். அவளை வாழ்த்துவதற்குப் பிள்ளைகள் அவள் அருகிலேயே இருக்கின்றனர்.

விசுவாசம், குடும்பம், தொண்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதாகவே இவ்வெழுத்துகள் கருதுகின்றன. தாயின் செபம் குடும்பத்தைக் காக்கும். குடும்பம் தொண்டின் முதற்களமாகும். ஆனால் விசுவாசமும் தொண்டும் தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்குமாயின், அந்தப் பிள்ளை தாயை எந்த மொழியில் நினைவுகூர்வான்? இவ்வினாவை எழுப்புவதற்கு ஈவ்லின் பிராண்டின் வாழ்வினும் பொருத்தமான எடுத்துக்காட்டு சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அரிது.

2. வாழ்வும் களமும்

இலண்டனில் வசதிமிக்க குடும்பமொன்றில் 1879இல் பிறந்த ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் ஓவியப் பயிற்சி பெற்றவர். முப்பது வயதைக் கடந்தபின் இறைப்பணிக்கென இந்தியா வந்தார். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் பணியாளராகச் சேந்தமங்கலத்தில் இருந்த ஜெஸ்ஸி பிராண்டை 1913இல் மணந்தார். கட்டடத் தொழில் அறிந்திருந்த ஜெஸ்ஸி, வெப்பமண்டல மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். இருவரும் சமவெளியை விட்டுக் கொல்லிமலை மீது, வாழவந்திப் பகுதியில் குடியேறினர். 1914 சூலையில் பால் பிறந்தார். அவரையடுத்துத் தங்கை கான்னி பிறந்தார்.

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை மலைக்குச் செல்கின்றது. அக்காலத்தில் கால்நடையாகவும் டோலியிலும் குதிரையிலுமே ஏறவேண்டியிருந்தது. மலைமேல் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து வாழ்ந்த மலையாளி இனமக்கள் 'நாடு' என வழங்கும் ஊர்த்தொகுதிகளில் பரவியிருந்தனர். மலேரியா அங்கு நிலைத்த நோய். நரம்புச் சிலந்தியும் பரவலாக இருந்தது. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில் நோயுற்றோரின் கால் படுவதாலேயே இந்நோய் பரவும். எனவே கால் படாதவாறு கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புதல், நீரை வடிகட்டிக் குடித்தல் ஆகியவற்றை ஜெஸ்ஸி வலியுறுத்தினார். இந்தியாவிலிருந்து இந்நோய் முற்றாக ஒழிந்ததென 2000இல் சான்றளிக்கப்பட்ட பின்னணியில் நோக்கும்போது, ஊர்க்கிணற்றின் அளவில் தொடங்கிய அம்முயற்சியின் பொருத்தம் விளங்கும். பள்ளி, தச்சு, பயிர்த்தொழில், மருந்து ஆகியவை நற்செய்தி அறிவிப்போடு இணைந்தே நடந்தன.

1923இல் குடும்பம் விடுப்பில் இலண்டன் சென்றது. திரும்பும்போது ஒன்பது வயதுப் பாலையும் கான்னியையும் கல்விக்காக ஈவ்லினின் சகோதரிமார் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலை திரும்பினர். 1929 சூனில், அடுத்த விடுப்புக்கு முன்னதாகவே, மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி தம் 44ஆம் வயதில் இறந்தார். வாழவந்தியிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கைம்பெண்ணான ஈவ்லின் இங்கிலாந்து சென்று மீண்டும் திரும்பினார். ஆனால் மிஷன் அவரைச் சமவெளிப் பணியிலேயே அமர்த்தியது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களிலும் பணியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது கணவருடன் கண்ட கனவு. சமவெளியிலிருந்து மலையைப் பார்த்தபடியும் விடுமுறைகளில் மலையேறியும் அவர் காத்திருந்தார். எழுபது வயதை நெருங்கியபோது, 1947இல், மிஷன் அவரை ஓய்வு பெறச் செய்தது. அவரோ மிஷன் பணியிலிருந்து மட்டும் ஓய்வு பெற்று, தாமாகவே மலைக்குத் திரும்பினார். மலைக்குதிரை மீதும், பின்னர் இரு மூங்கிற்கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். 1974 திசம்பரில் தம் 95ஆம் வயதில் மறைந்து, கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் பெற்றார்.

இவ்வரலாற்றில் சமவெளியும் மலையும் வெறும் இடங்களாக நிற்கவில்லை. சேந்தமங்கலச் சமவெளி நிறுவனத்தின் இடம்; பணியிடம், காலவரை, ஓய்வு வயது ஆகியன அங்கு தீர்மானமாயின. மலை, நிறுவனம் எட்டாத இடம். ஈவ்லின் வாழ்வில் பெற்றோர், கணவர், மிஷன் ஆகியோரின் ஒழுங்குகளுக்கு வெளியே முழுமையாகத் தாமே எடுத்த முடிவு 1947ஆம் ஆண்டின் மலையேற்றமே எனலாம். அதுவரையிலான வாழ்வு பிறர் பணித்த வழியில் நடந்தது. அதன்பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவருடையவை.

3. இருக்கும் தாய், வெளியேறும் மகன்

தாய்–மகன் உறவைப் பாடும் தமிழ் மரபில் வெளியேறுபவன் எப்பொழுதும் மகனே. புறநானூற்று 86ஆம் பாடலில் காவற்பெண்டு காட்டும் தாய், மகன் எங்கே என வினவியவளுக்குத் தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகையாகச் சுட்டுகிறாள். குகை அங்கேயே இருக்கும். புலி போர்க்களத்தில் தென்படும். ஒக்கூர் மாசாத்தியாரின் தாயும் மகனை அனுப்புகிறாளேயன்றித் தான் செல்வதில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் முதியவள் களம் நோக்கிச் செல்வது கூட இறந்த மகனின் புண் முன்புறத்ததா பின்புறத்ததா எனக் காண்பதற்கே. இப்பாடல்களில் தாய்மைக்குச் சான்றாக முன்வைக்கப்படுவன வயிறும் முலையும் பாலுமாகும்.

பட்டினத்தார் மரபு இதனைத் துறவின் தளத்திற்குக் கொண்டுசெல்கின்றது. மகன் அனைத்தையும் துறக்கிறான். ஆயினும் தாயின் ஈமத்திற்கு வந்து தீ மூட்டும் கடமையைத் துறக்க இயலவில்லை. அவ்வேளையில் பாடியனவாக வழங்கும் பாடல்கள் சுமந்த மாதங்களையும் ஊட்டிய பாலையும் நினைந்து உருகுகின்றன. ஆக, தாய் நினைவு என்பது தீர்க்கவியலாத உடற்கடனை எண்ணிப் பார்த்தலாகின்றது.

மேலைக் கிறித்தவ மரபின் முதன்மையான தாய் நினைவெழுத்து புனித அகுஸ்தீனின் 'ஒப்புகைகள்' ஆகும். 387இல் ஓஸ்தியாவில் மறைந்த மோனிக்காவை அதன் ஒன்பதாம் புத்தகம் நினைவுகூர்கின்றது. அங்கும் தாயை ஏமாற்றிக் கப்பலேறுபவன் மகன். மோனிக்கா கண்ணீரோடும் செபத்தோடும் கடல் கடந்து அவனைப் பின்தொடர்கிறார். தாயின் விசுவாசத்திற்கு அளவுகோல், மகனை விடாது தொடர்தல்.

ஈவ்லின் வரலாற்றில் கப்பலேறுபவர் தாய். கரையில் நிற்பவன் ஒன்பது வயது மகன். துறந்தவர் தாயாகவும் துறக்கப்பட்டவன் மகனாகவும் இருக்கையில், பட்டினத்தார் வழியிலான உடற்கடன் கணக்கு நினைவெழுத்துக்குப் போதுமானதாக இல்லை. மோனிக்கா வழியிலான தொடர்தலும் பொருந்தவில்லை. பால் பிராண்ட் வேறொரு மொழியைத் தேடவேண்டியிருந்தது.

4. பிரிவை எழுதுதல்

பால் பிராண்ட் பத்திரிகையாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து எழுதிய 'ஃபியர்ஃபுலி அண்ட் வொண்டர்ஃபுலி மேட்' (1980), 'இன் ஹிஸ் இமேஜ்' (1984), 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' (1993) ஆகிய நூல்கள் தன்வரலாறு எனும் வகையில் நேரடியாக அடங்குவன அல்ல. உடல், வலி, இறைவடிவம் ஆகியன பற்றிய சிந்தனைகளுக்கு இடையே நினைவுகள் சிதறிக் கிடக்கின்றன. டோரதி கிளார்க் வில்சன் பால் பிராண்டைப் பற்றி 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' (1965) நூலையும், ஈவ்லின் மறைந்தபின் 'கிரானி பிராண்ட்: ஹர் ஸ்டோரி' (1976) நூலையும் எழுதினார். மகனைப் பற்றிய நூல் முந்தியும் தாயைப் பற்றிய நூல் பிந்தியும் தோன்றியமை கருதத்தக்கது. உலகப் புகழ்பெற்ற மருத்துவரின் தாய் என்னும் வாயில் வழியாகவே ஈவ்லின் வாசகரை அடைந்தார்.

பிரிவின் ஆண்டுகளைச் சொல்லும்போது இந்நூல்கள் கடிதங்களை முன்னிறுத்துகின்றன. மலையிலிருந்து தந்தை வாராவாரம் எழுதிய மடல்களில் மரங்களும் பறவைகளும் பூச்சிகளும் நிறைந்திருந்தன. தந்தை இறந்த செய்தி தந்தியில் விரைந்து வந்தது. அவர் முன்னரே எழுதிய மடல்களோ கப்பலில் மெதுவாக, இறப்புச் செய்திக்குப் பின்னரும் வந்துகொண்டிருந்தன. இறந்தவரின் குரல் தொடர்ந்து பேசிய இக்காட்சி, மகனின் நினைவில் தந்தையை எழுத்தாகவே நிலைநிறுத்தியது.

தாய் நினைவில் நிற்பது வேறு வகையில். கணவரை இழந்தபின் இங்கிலாந்து வந்திறங்கிய தாயைப் பதின்பருவ மகன் எதிர்கொண்டபோது, தான் நினைவில் வைத்திருந்த உயர்ந்த, ஒளிமிக்க பெண்ணுக்கும் எதிரே நின்ற தளர்ந்த உருவத்துக்கும் இருந்த இடைவெளி அவனை அதிரச் செய்தது. மகன் தாயை முதன்முதலாகப் படிக்கப்பட வேண்டிய முகமாகக் காண்பது இங்கேதான். உடனிருந்து வளர்ந்த பிள்ளைக்குத் தாயின் முகம் நாள்தோறும் சிறிது சிறிதாக மாறும். அம்மாற்றம் கண்ணுக்குப் புலனாவதில்லை. பிரிந்திருந்த பிள்ளைக்கு ஆண்டுகள் அனைத்தும் ஒரே நோக்கில் முகத்தில் வந்து நிற்கும். பால் பிராண்டின் தாய் நினைவுகள் மிகுதியும் முகத்தைச் சுற்றி அமைவதற்கு இப்பிரிவே காரணமெனக் கொள்ள இடமுண்டு. தந்தை மடலாகவும் தாய் முகமாகவும் நினைவில் நிற்கின்றனர்.

இந்நூல்களில் தாய் மீது வெளிப்படையான குறை எழவில்லை. குறையின்மை வேதனையின்மை ஆகாது. மகன் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளர் கைகளுக்கான மறுசீரமைப்பு அறுவையில் தம் வாழ்வை ஈடுபடுத்தினார் என்பதே அவர் எழுதாமல் விட்ட விடை எனலாம். மோனிக்கா மகனைப் பின்தொடர்ந்து கடல் கடந்தார். இங்கே மகன் தாயைப் பின்தொடர்ந்து கடல் கடந்தார். பின்தொடர்தல் நிகழ்ந்தே தீர்ந்தது, திசைதான் மாறியது.

5. கண்ணாடி இல்லாத வீடு

பால் பிராண்ட் தம் தாயைப் பற்றிச் சொல்லும் நினைவுகளுள் மிகுதியும் எடுத்தாளப்படுவது கண்ணாடி பற்றியது. தம் வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் ஈவ்லின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இளமையில் அழகியாக அறியப்பட்டவர். ஓவியராக அழகைக் காணப் பயின்றவர். காய்ச்சலும் வெயிலும் முதுமையும் அம்முகத்தை ஆழ உழுதிருந்தன. மலையூர் ஒன்றின் தாழ்ந்த கற்சுவரில் அமர்ந்து சூழ்ந்து நிற்கும் மக்களிடம் தாய் பேசும் காட்சியை மகன் விவரிக்கின்றார். தமக்குச் சுருக்கம் மட்டுமே தெரியும் அம்முகத்தில், கூடியிருந்தோர் தம்மை நேசிக்கும் ஒருவரைக் கண்டனர் என்பதே அவர் உணர்த்துவது. கண்ணாடி காட்டும் முகம் ஒன்று. பிறர் கண்கள் காட்டும் முகம் மற்றொன்று.

தமிழ் வாசகருக்கு இக்காட்சி முற்றிலும் புதியதன்று. சேக்கிழார் கூறும் காரைக்காலம்மையார், கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதி இனி வேண்டாவென உதறிப் பேயுருவம் பெறுகிறார். மகப்பேறில்லாத அவரை இறைவன் 'அம்மை' என விளிக்கிறான். ஔவை பற்றிய மக்கள் வழக்கிலோ, மணத்தைத் தவிர்க்க வேண்டி அவர் இளமையிலேயே முதுமையைக் கேட்டுப் பெறுகிறார்; கோலூன்றி நாடெங்கும் நடக்கிறார். இவ்விரு கதைகளிலும் பெண்ணுடலின் அழகு நீங்குதல் ஓர் உரிமையைத் தருகின்றது. இல்லத்தின் எல்லை கடந்து நடக்கும் உரிமையும், ஒரு வீட்டாருக்கு மட்டுமன்றி அனைவர்க்கும் தாயாகும் உரிமையும் அதில் அடங்கும். ஆங்கில நூல்கள் ஈவ்லின் அழகிழந்ததைத் தியாகமாகக் காட்டுகின்றன. அம்மை, ஔவை மரபின் வழி நோக்கினால் அது தியாகம் மட்டுமன்று. தனித்து மலையில் திரியும் வெள்ளைக்காரக் கைம்பெண்ணுக்கு வாய்த்த விடுதலையும் ஆகும். 1947இல் மிஷன் 'முதுமை' என்று சுட்டியதையே அவர் நடையுரிமையாக மாற்றிக்கொண்டார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரும் மலையிறங்கி வாழுமாறு மகன் வற்புறுத்தியதை அவர் ஏற்காதது இதனை உறுதிசெய்கின்றது.

எனினும் இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. காரைக்காலம்மையார்க்குப் பின்னே விட்டுச் செல்ல மக்கள் இல்லை. ஔவைக்கும் இல்லை. பிள்ளைகளை உடையவள் துறவியாகும்போது துறவின் விலையைத் துறந்தவர் மட்டும் கொடுப்பதில்லை. பாலும் கான்னியும் அதில் ஒரு பங்கைக் கொடுத்தனர்.

இங்கே மற்றொரு முரணும் கவனிக்கத்தக்கது. வேலூரில் பால் பிராண்டும் அவர்தம் குழுவினரும் தொழுநோயாளரின் கைகளை மட்டுமன்றி மூக்கு, புருவம் ஆகியவற்றையும் சீரமைத்தனர். நோயின் அடையாளம் முகத்தில் எஞ்சியிருக்கும்வரை ஊரும் உறவும் வேலையும் திரும்பக் கிடைக்கா என அவர்கள் கண்டறிந்ததே இதற்குக் காரணம். பிறருக்கு முகத்தை மீட்டுத் தந்த மருத்துவர், முகத்தைப் பொருட்படுத்தாத தாயை வியந்து எழுதுகிறார். இரண்டும் எவ்வாறு பொருந்தும்? இழத்தல் வேறு, துறத்தல் வேறு என்பதே விடை. தொழுநோயாளர் முகத்தை இழந்தவர். ஈவ்லின் கண்ணாடியைத் துறந்தவர். துறத்தல் உடையார்க்கே இயலும். இலண்டனில் உறவினர் வீடு இருந்தமையால் பிள்ளைகளை விட்டு வரவும் இயன்றது. இவ்வேறுபாட்டை மறந்து தியாகத்தை மட்டும் போற்றினால், துறக்க எதுவுமின்றி இழக்க மட்டுமே நேர்ந்த தாய்மார்கள் நினைவுக்கு வெளியே நின்றுவிடுவர்.

6. 'அம்மா' என்னும் விளியும் பேசாதோரும்

1918–19இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. அதுவரை பிராண்ட் தம்பதியரை எதிர்த்து நின்ற மலைப் பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்ததாக நூல்கள் கூறுகின்றன. மலைமக்களின் மனமாற்றத்திற்கு இதுவே தொடக்கமாகச் சொல்லப்படுகின்றது. மிஷன் எழுத்தின் கதையமைப்பில் இது வெற்றியின் தருணம். அதே நிகழ்வை மலையின் பக்கமிருந்து நோக்கினால், அது ஒரு குடும்பம் அழிந்த தருணம். பூசாரி குழந்தையைத் துறக்கவில்லை, இழந்தார். ஈவ்லின் அக்குழந்தைக்குத் தாயானார். சில ஆண்டுகளில் தாம் பெற்ற பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்ததும் இத்தாயே. தாய்மை இடம் மாறும் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை நூல்கள் வாசகரிடமே விட்டுவிடுகின்றன.

மலைமக்கள் பேசும் இடங்கள் இந்நூல்களில் உண்டு. ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். இதனால் நேரும் இழப்புக்கு விளிச்சொல் ஒன்றே சான்றாகும். தமிழில் 'அம்மா' என்பது பெற்ற தாயையும் குறிக்கும். மதிப்புக்குரிய எந்தப் பெண்ணையும் குறிக்கும். ஆங்கிலேயர் காலத்தில் துரைமாரின் மனைவியரை 'துரைசாணி', 'அம்மா' என அழைக்கும் வழக்கில் அன்பைவிட அதிகாரத்தின் முன் காட்டும் பணிவு மிகுந்திருந்தது. மலைப்பெண் ஒருத்தி ஈவ்லினை அழைக்கும்போது அச்சொல்லில் உறவு எவ்வளவு, பணிவு எவ்வளவு, மருந்து தந்தவர் மீதான நன்றி எவ்வளவு என்பது அவள் குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் இருந்திருக்கும். அச்சொல் ஆங்கிலத்தில் தாய் எனப் பெயர்க்கப்படும்போது உறவு மட்டுமே எஞ்சுகின்றது. ஏனைய இரண்டும் மறைகின்றன.

மலை பற்றிய சித்திரத்திலும் இத்தகைய இழப்பு உண்டு. மிஷன் எழுத்துகளில் கொல்லிமலை நோயும் அறியாமையும் சூழ்ந்த இருளிடமாகத் தோன்றுகின்றது. நோய் உண்மை. ஆனால் அம்மலை வல்வில் ஓரியின் மலை. புறநானூற்றுப் புலவர் அவன் வில்லாற்றலையும் கொடையையும் பாடிய நிலம். அறப்பள்ளீசுவரர் கோயில் கொண்ட இடம். நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் பேசும் கொல்லிப்பாவையின் உறைவிடமும் அதுவே. காண்பாரை மயக்கிக் கொல்லும் எழில்மிகு பெண்ணுருவாக மரபு அப்பாவையை அறியும். வெளியிலிருந்து வந்தோரைக் காய்ச்சலால் கொன்ற மலைக்கு இப்படிமம் எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணாமல் இருக்க இயலாது. ஜெஸ்ஸியை அம்மலை கொண்டது. அழகைத் துறந்த முதியவள் ஒருத்தியை அது ஏற்று வாழவைத்தது. அழகால் கொல்லும் பாவைக்கும் அழகு நீங்கி நடந்த பாட்டிக்கும் இடையிலான இவ்வுறவு, தமிழில் எழுதப்படும் வாழ்க்கை வரலாறு மட்டுமே காணக்கூடிய ஒன்றாகும். இது வரலாற்றுக் கூற்றன்று, ஒரு வாசிப்பு. எனினும் மலைக்கு முன்னரே ஒரு பெண் நினைவு இருந்தது என்பதை இவ்வாசிப்பு நினைவூட்டுகின்றது.

ஈவ்லினின் பணி மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டது என்பதை மறைத்து அவரை வெறும் சமூகத் தொண்டராகக் காட்டுவது அவர்க்கே நேர்மையாகாது. அவர்தம் மருந்தும் பள்ளியும் விசுவாசத்திலிருந்து பிரிக்க முடியாதவை. அதே வேளையில், நோக்கத்தைக் கூறியவுடன் மதிப்பீடு முடிந்துவிட்டதாகக் கருதுவதும் குறைப்பார்வையே. காலனிய ஆட்சி 1947இல் முடிந்தபின், நிறுவன ஆதரவின்றி, தொண்ணூறு வயதைக் கடந்தும் ஒருவர் மலையிலேயே இருந்தார் என்றால், அவ்விருப்பை அதிகாரம் என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

7. முடிவுரை

ஈவ்லின் பிராண்ட் குறித்த நினைவெழுத்துகள், இல்லத்தில் இருந்து காக்கும் தாய் என்னும் பழகிய அமைப்புக்குள் அடங்கவில்லை. தாய் துறவியாகவும் மகன் துறக்கப்பட்டவனாகவும் அமைந்தமையால், வயிறும் பாலும் சான்றாகும் உடற்கடன் மொழிக்கு மாற்றாக முகமும் நடையும் சான்றாகும் ஒரு மொழியைப் பால் பிராண்ட் உருவாக்கினார். இம்மொழி காரைக்காலம்மையார், ஔவை ஆகியோரின் மரபோடு தன்னையறியாமலே உறவு கொள்கின்றது. அவ்வுறவை உணரும்போது அழகிழப்பு விடுதலையாகவும் பொருள்படுகின்றது. ஆயினும் துறத்தலைப் போற்றும் எழுத்து, இழத்தலை மட்டுமே அறிந்த மலைத்தாய்மாரை நிழலில் நிறுத்திவிடுகின்றது.

எனவே இவ்வாய்வு இரு தேவைகளைச் சுட்டுகின்றது. முதலாவது, சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் வாழவந்தி நாட்டிலும் அண்டை நாடுகளிலும் சேந்தமங்கலப் பகுதியிலும் ஈவ்லின் பற்றிய வாய்மொழி நினைவுகளைத் தொகுத்தல் வேண்டும். 1974இல் இருபது வயதில் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர், காலம் குறைவு. அவர்கள் அவரை எச்சொல்லால் அழைத்தனர், எக்குரலில் அழைத்தனர் என்பதே முதல் வினாவாக இருத்தல் நன்று. இரண்டாவது, நினைவு மலர்கள், அடக்க ஆராதனைக் குறிப்புகள் போன்ற சிற்றெழுத்துகளையும் இலக்கிய வகையாகக் கருதி ஆராய்தல் வேண்டும். அடிவாரத்தில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளை வளர்த்து, வயலில் உழைத்து, சபையைத் தாங்கி மறைந்துள்ளனர். உலகறிந்த மகன் எவனும் அவர்களுக்காக நூல் எழுதவில்லை. அவர்களுக்கென எஞ்சியிருப்பது நான்கு பக்க மலர் ஒன்றே. ஈவ்லின் முகத்தைப் படித்த கவனத்தோடு அப்பக்கங்களையும் படித்தல் தமிழ் ஆய்வின் கடமையாகும்.